உயரமான டயர்

என் வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸுக்குச் சக்கரம் என்றால் பெரிதாக இருக்க வேண்டும். மைன்ஸில் மண் சுமக்கும் ராட்சச டம்பர் லாரிகளை ரிப்பேர் பார்க்கிறவர். அங்கே டயருக்குப் பக்கத்தில் நின்றால் ஆளே தெரியாது. அந்தக் கண்ணோடுதான் எங்கள் பழைய குட்டிக் காரையும் பார்த்தார்.

எனக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன பிறகு பஸ்ஸில் உட்கார முடியாமல் போனது. காரிலும் எங்கள் டவுன்ஷிப் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் உச்சந்தலை வரை வலிக்கும். ஒருநாள் வலி தாங்காமல் அழுதுவிட்டேன். அடுத்த ஞாயிறே பூசை முடிந்த கையோடு டயர் கடைக்குப் போனார். ரிம்மும் ஒரு சைஸ் பெரிது, டயரின் பக்கச்சுவரும் நல்ல உயரம்.

கடைக்கார வெங்கடேஷ் அப்போதே சொன்னான். "அண்ணே, வட்டம் பெருசானா பிக்கப் அடிவாங்கும். இஞ்சின் இழுக்காது."

"டம்பர் இழுக்கலையா?"

"அதுக்கு இஞ்சினே ஒரு ரூம் அளவு இருக்கும்ண்ணே."

இவர் சிரித்தார். பிடிவாதத்தில் இவரை மிஞ்ச டவுன்ஷிப்பில் ஆள் கிடையாது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அதன் பிறகு பள்ளமே தெரியவில்லை. ஆனால் டவுன்ஷிப் வாசல் ஆர்ச் கேட்டில் நின்று கிளம்பினால் சைக்கிள்காரன்கூட எங்களை முந்திப் போவான். "டம்பர் வருது, வழி விடுங்க" என்று நான்தான் கேலி செய்வேன்.

தை மாதம் நெல்லிக்குப்பத்தில் அம்மா இறந்துபோனாள். காலையில் அண்ணன் பெனடிக்ட் போன் செய்தார். நாலு மணிக்குப் பெட்டி மூடுவார்கள், சாமியாருக்கு அதன் பிறகு வேறொரு ஊரில் அடக்கம் இருக்கிறது. பெட்டி மூடும் முன் முகத்தின் மேல் வெள்ளைத் துணி போடுவது எங்கள் குடும்பத்தில் மகளின் வேலை. அம்மாவுக்கு நான் ஒரே மகள். மாற்று ஆள் கிடைக்காமல், இவர் இரண்டு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்துதான் ஓடிவந்தார். வெள்ளைத் துணியோடு காரில் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

பண்ருட்டி தாண்டியதும் கரும்பு டிராக்டர்கள். ஆலைக்குப் போகிற வரிசை. ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. எதிரே பஸ் மேல் பஸ். இடையில் கொஞ்சம் இடம் கிடைத்தது. இவர் கியரைக் குறைத்து அழுத்தினார். இஞ்சின் கத்தியதே தவிர வண்டி எழும்பவில்லை. பாதி டிராக்டரைத் தாண்டுவதற்குள் எதிரே பஸ் வந்துவிட்டது. பின்வாங்கினோம். மறுபடியும் போனார், மறுபடியும் பின்வாங்கினோம்.

"பழைய டயரா இருந்தா இந்நேரம் தாண்டிகினு போயிருப்போம்" என்றேன்.

"இன்னொரு தடவ பாக்கறேன், மேரி." அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

அண்ணன் போன் செய்தார். "எங்க வந்துகினு இருக்க மேரி? சாமியார் கெளம்பணும்ன்றாரு."

"கொஞ்சம் இருண்ணே. பக்கத்துல வந்துட்டேன்" என்றேன். பக்கத்தில் இருந்தது கரும்புதான்.

நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது பெட்டி குழிக்குள் இருந்தது. வேறொரு துணியை எடுத்து அண்ணி போட்டுவிட்டாளாம். "எவ்ளோ நேரம்தான் புடிச்சி வைக்கிறது" என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குக் கிடைத்தது ஒரு பிடி மண் போடுகிற உரிமை. போட்டேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. துணி மடித்தபடியே மடியில் கிடந்தது. இவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றையும் விடுவதாக இல்லை. உங்க டம்பர் புத்தியால் என் அம்மா முகத்தைப் பார்க்காமலே போச்சே என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் இவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "முதுகு வலிக்குதா?"

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். வழியெல்லாம் அத்தனை பள்ளம் இருந்தும், போகும்போதும் வலிக்கவில்லை, இப்போதும் வலிக்கவில்லை.

"இல்லீங்க" என்றேன். அந்தத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அழுதேன்.