கை படாத பக்கம்

மழை விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு காரை நெருங்கிய லேப்காரர் உள்ளே ஏறாமல் அப்படியே நின்றுவிட்டார். காரின் மீது விழுந்த மழை இரண்டு விதமாக நடந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் உட்காரும் பக்கத்தில் தண்ணீர் கவிழ்ந்த டம்ளரிலிருந்து ஓடியதுபோலப் பரந்து வழிந்து கிடந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தால் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. ஒரே கார், ஒரே மழை. இந்தப் பக்கத்துக்கு ஒரு நியாயம், அந்தப் பக்கத்துக்கு ஒரு நியாயமா?

வேறு யாராவது இருந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். காலை முதல் மாலை வரை சொட்டுகளோடுதான் பிழைப்பு. ஒரு சொட்டு பரவினால் ஏன் பரவியது, நின்றால் ஏன் நின்றது என்று கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. மனைவி கையில் பைகளோடு வந்து, "ஏங்க, ஏறுறீங்களா இல்ல நான் பஸ் பிடிக்கட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் அசைந்தார்.

முத்து நின்ற அந்தப் பக்கத்தை அவர் உற்றுப் பார்த்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. பார்க்கப் பிடிக்காமல்தான். அதற்கொரு கதை இருக்கிறது.

அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே, இரண்டு மாடி மேலே, மனைவியின் அக்கா வீடு. அக்காவின் கணவர், அதாவது இவருடைய சகலை, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு பேர் கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு காலத்தில் சகலைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியோடு இறங்கினால், மதியம் சாப்பாட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியிருக்கும்.

போன வெயில் காலத்தில் லேப்காரர் ஏதோ பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார். திரும்பி வரும்போது வண்டி பளபளவென்று நிற்கட்டுமே என்று கண்ணாடிக்காரருக்கு ஓர் ஆசை. அந்தப் பக்கக் கதவில் பறவை எச்சம் காய்ந்து பிடித்திருந்தது. மனிதர் மாடிக்கு ஓடிப்போய், சமையலறையில் இருந்த பாத்திரம் கழுவும் சோப்பையும் பஞ்சையும் தூக்கிக்கொண்டு வந்தார். பஞ்சின் ஒரு பக்கம் மெத்து மெத்தென்று இருக்கும், மறுபக்கம் பச்சையாகச் சொரசொரவென்று இருக்கும். எந்தப் பக்கம் திருப்பியிருப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? எச்சம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மேகம் மாதிரி ஒரு கீறல் கூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற சோப்பு, காரின் மீது பூசியிருந்த மெழுகையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டதால், மொத்த வண்டியும் சோகை பிடித்தாற்போல வெளிறி நின்றது. நல்லது செய்யப் போய்ப் பொல்லாப்பைத் தேடிக்கொண்டார்.

பல வருஷம் பஸ்ஸில் தொங்கி, பிறகு வாங்கிய முதல் கார் அது. லேப்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்திவிட்டார்.

"ஊர்ல இருக்கிறவனையெல்லாம் கண்ணாடியைச் சட்டை முனையில துடைக்காதேன்னு திட்டுறீங்களே, என் வண்டிக்கு மட்டும் பாத்திரம் தேய்க்கிற பஞ்சா? இனிமே என் வண்டி மேல உங்க கை படக் கூடாது."

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போனார். அன்றோடு சகலைகளுக்குள் பேச்சு நின்றது. அக்கா தங்கை மட்டும் கிண்ணங்களை லிஃப்டில் ஏற்றியும் இறக்கியும் உறவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. கண்ணாடிக்காரர் கடையை வேறு ஊருக்கு மாற்றுகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற லாரி வருகிறது. அன்று வீடு திரும்பும் வழியில், ஈரச் சாலையைப் பார்த்தபடி மனைவி அதைத்தான் சொன்னாள்.

"அக்கா கிளம்பற அன்னிக்கு நீங்க கீழ வந்து நின்னு ரெண்டு வார்த்தை பேசலேன்னா, அத்தான் வீட்டுக்குள்ள நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவேன்? அதோட அந்த வீடு எனக்கு இல்லாமப் போயிடும்."

லேப்காரர் கியரை மாற்றினார். பேசினால் தான் இறங்கிப்போனதாகிவிடும் என்ற வீம்பு ஒரு பக்கம். தன் நாக்கு கொஞ்சம் நீண்டுவிட்டது என்று உள்ளே உறுத்தியது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர், வசதியாக முத்து மழையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்.

நீ ஏதாவது தடவினாயா என்று மனைவியைக் கேட்டார். அடுப்பைத் துடைக்கவே நேரமில்லை என்று பதில் வந்தது. வாட்ச்மேனைக் கேட்டார். அவர் கூரையைப் பார்த்தபடி, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவர் மூக்கில் புத்தம் புதுக் கண்ணாடி ஒன்று மின்னியது. அதைப் பார்த்தாவது இவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சொட்டைப் பார்க்கிற கண் மனுஷனைப் பார்க்குமா?

மறுநாள் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனார். தரையிலிருந்து கூரை வரை பாட்டில்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கார் வைரம் மாதிரி ஜொலித்தது. கடைக்காரம்மா என்ன வேண்டும் என்று கேட்டார். தன் காரின் மீது ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார் இவர். அந்த அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்தார். என்ன பூசலாம் என்று கேட்டு வருகிறவர்கள்தான் உண்டாம். என்ன பூசியிருக்கிறது என்று கேட்டு யாரும் வந்ததில்லையாம்.

இருந்தாலும் நல்ல மனுஷி. எது எதற்கு என்று பொறுமையாகச் சொன்னார். ஷாம்பூ அழுக்கை எடுக்கும், மெழுகை விட்டுவிடும். பாத்திர சோப்புக்கு அந்த விவஸ்தை கிடையாது. பாலிஷும் மெழுகும் ஒன்று என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், அது தப்பு. பாலிஷ் பெயின்ட்டில் கொஞ்சத்தை எடுக்கும், மெழுகு மேலே ஒரு படலத்தைக் கொடுக்கும். கீறல் போக வேண்டுமானால் பாலிஷ், போன பிறகு காப்பாற்ற மெழுகு. கையால் தேய்ப்பதானால் ஒரே நாளில் ஆகாது, ஆத்திரப்பட்டால் பெயின்ட்டே போய்விடும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் உட்கார வேண்டும் என்றார்.

லேப்காரர் ஒரு ஷாம்பூவும், மெழுகில் மூன்று வகையும் வாங்கினார். பீய்ச்சி அடிக்கிற மெழுகு ஒன்று, ஊற்றித் தேய்க்கிற மெழுகு ஒன்று, டப்பாவில் கட்டியாக வருவது ஒன்று. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக ஷாம்பூவில் லிட்மஸ் தாளைத் தோய்த்துப் பார்த்தார். சிவப்புத் தாளும் மாறவில்லை, நீலத் தாளும் மாறவில்லை. அதில் அவருக்கு அப்படியொரு திருப்தி.

பிறகு காரின் முன்மூடியைக் கழுவித் துடைத்து, ஒட்டுத்தாளால் நான்கு கட்டம் பிரித்தார். மூன்று கட்டத்தில் மூன்று மெழுகு, நான்காவது சும்மா. மெழுகு காய்ந்ததும் துடைத்துவிட்டு, லேப்பிலிருந்து கொண்டுவந்த சொட்டுக் குழாயால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு விட்டுக் கண்ணைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தார். சும்மா விட்ட இடத்தில் சொட்டு சோம்பேறி மாதிரிப் படுத்துக்கொண்டது. அடித்த மெழுகில் உட்கார்ந்தது. ஊற்றிய மெழுகில் கொஞ்சம் நிமிர்ந்தது. டப்பா மெழுகில்தான் குண்டு மணி மாதிரி எழுந்து நின்றது. மழையன்று மறுபக்கத்தில் பார்த்த அதே நிற்பு.

சந்தேகம் தீர வேண்டுமே? டப்பாவை முகர்ந்தார், கனிந்த பழ வாசனை. சகலையின் காருக்கும் தன் காருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்து, கதவில் மூக்கை வைத்து முகர்ந்தார். அதே வாசனைதான், லேசாக. வாட்ச்மேன் தூரத்திலிருந்து புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

மூக்கை எடுக்கும்போதுதான் லேப்காரருக்கு உறைத்தது. மூக்கு இருந்த இடத்தில்தான் அந்த மேகம் இருக்க வேண்டும். அதைக் காணவில்லை.

செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடினார். மேலே தேடினார், கீழே தேடினார், அடுத்த கதவிலும் தேடினார். தேடியதில் அகப்பட்டதெல்லாம் அவர் முகம்தான். கதவுக்குள்ளிருந்து அவரையே பார்த்தது. கீறல் போனதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர், கடைக்காரம்மா சொன்னதை நினைத்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக, பல நாள். இந்த இடுக்கில் அத்தனை நாள் முட்டி போட்டு உட்கார யாருக்குத் தலையெழுத்து?

சொட்டுக் குழாயில் இன்னும் தண்ணீர் இருந்தது. திரும்பி, சகலையின் காரில் ஒரு சொட்டு விட்டார். அது குண்டு மணியாக எழுந்து நின்றது.

வேலை நாட்களில் லேப்காரர் பஸ்ஸில்தான் போவார், கார் வீட்டிலேயே நிற்கும். கண்ணாடிக் கடையும் மதியச் சாப்பாட்டுக்கு மூடும். இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் இருமிச் சைகை செய்யப் பார்த்தார். இவர் கையைக் காட்டி அடக்கினார்.

இரண்டு கார்களுக்கும் நடுவே, பழைய செய்தித்தாளை விரித்து, கண்ணாடிக்காரர் முட்டி போட்டிருந்தார். தன் காரில் பூசிய மெழுகு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்க, இவர் காரின் கதவு விளிம்பை மெள்ளத் துடைத்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், போலீஸைப் பார்த்தவர் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"கை படலைப்பா," என்றார்.

தூக்கிய இரண்டு கைகளிலும் மெத்தென்ற நீல உறைகள், முழங்கை வரை.

"நீ என்ன சொன்னே? என் கை படக் கூடாதுன்னே. முதல் நாள்லேருந்து உறையோடதான். வாட்ச்மேனைக் கேட்டுப் பாரு, ஒரு விரல் பட்டிருந்தாலும் சொல்லட்டும்."

லேப்காரருக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவர் மறந்தே போயிருந்தார். இந்த மனுஷன் அந்த வார்த்தையை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டு, வெயில் போய் மழை வரும் வரை இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டார். கண்ணாடிக்காரர் குற்றவாளி மாதிரி எல்லாவற்றையும் ஒப்புவித்தார். ஊரைவிட்டுப் போவதற்குள் அந்தக் கீறல் மறைய வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாராம். மறைந்ததும், அந்தக் கதவு மட்டும் தனியாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்ததாம். அதனால் அந்தப் பக்கம் முழுவதும் பூசினாராம். முன்பக்கம் வந்தால் மழையில் காருக்குள் உட்கார்ந்தபடியே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அங்கே நிறுத்திக்கொண்டேன் என்றார்.

"பாதியிலதான் விட்டுட்டுப் போறேன். அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு."

லேப்காரர் என்னென்னவோ சொல்ல நினைத்தார். அன்றைக்குப் பேசியது தப்பு என்று சொல்ல நினைத்தார். "உறையைக் கழட்டுங்க," என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கிக் கழற்றினார். உள்ளே ஊறி வெளுத்த விரல்கள். லேப்காரர் அந்த மணிக்கட்டைப் பிடித்து, மேகம் இருந்த அதே இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

"பட்டாச்சு. இனிமே அந்தப் பேச்சு இல்ல."

கண்ணாடிக்காரர் கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஊருக்கெல்லாம் கூடாது என்று சொல்கிறவர், சட்டை முனையிலேயே துடைத்துக்கொண்டார். அன்று மதியம் கடை திறக்கவில்லை. டப்பா மெழுகை லேப்காரர் இறக்கிக் கொண்டுவர, இன்னொரு பக்கத்தையும் இரண்டு பேருமாகச் சேர்ந்து முடித்தார்கள். வட்டமாகத் தேய்ப்பதா நேராகத் தேய்ப்பதா என்று நடுவில் ஒரு சண்டையும் வந்தது. பழைய கணக்கில் அதெல்லாம் சண்டையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லாரி போனது. பின்னாலேயே கண்ணாடிக்காரரின் காரும் போனது. அக்காவும் தங்கையும் அழுது முடித்த பிறகு லேப்காரர், வாசலில் நிற்கும் மனைவியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று வண்டியை எடுத்தார். அவளுக்கு மனசு ஆறட்டும் என்றுதான். பக்கத்து இடம் காலியாக இருந்ததால் வண்டியைத் திருப்புவது சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஏற வந்த மனைவி கதவருகே நின்றுவிட்டாள். கண்ணாடி மாதிரி மின்னும் கதவின் நடுவே, ஐந்து விரலும் அச்சாக, மங்கலாக ஓர் உள்ளங்கைத் தடம். இவ்வளவு தேய்த்தும் இதை விட்டுவிட்டார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே, அழுது நனைந்த கைக்குட்டையைச் சுருட்டித் துடைக்கப் போனாள்.

"அது மேல உன் கை படக் கூடாது," என்றார் லேப்காரர்.