இரட்டை வேகத்தில் பாடியவள்

பாட்டுக்குப் படம் என்ன செய்யும் என்று கேட்டால் தியரி மூன்று விரலை நீட்டுவார். பாட்டு சொல்வதையே படமும் சொல்லலாம். சொன்னதைப் பெரிதாக்கிக் காட்டலாம். இல்லையென்றால் பாட்டு ஒன்று சொல்ல, படம் அதை மறுக்கலாம். பாட்டில் மழை வந்தால் மழையைக் காட்டுவது முதல் விரல், வெள்ளத்தையே காட்டுவது இரண்டாம் விரல், மண்டையைப் பிளக்கும் வெயிலைக் காட்டுவது மூன்றாம் விரல். "இதுல எதை வேணா பண்ணுங்க. ஆனா பாடுறவங்க மூஞ்சி அடிக்கடி வரணும், அது கம்பெனிக்காரன் சட்டம்" என்று முடிப்பார். கல்லூரியில் இதைத்தான் பாடமாக நடத்துகிறார். தியரி என்ற பட்டப்பெயர் அங்கே மாணவர்கள் வைத்தது, வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது.

அவருடைய மனைவி எடிட்டர். பாட்டு வீடியோக்களுக்கு அவர் படம் எடுத்து வருவதை இவள் வெட்டி ஒட்டிப் பாட்டோடு சேர்ப்பாள். தியரியின் தங்கை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். பார்சல் கொண்டுவருகிறவர், இவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்.

நாத்தனார் அமைவது அவரவர் தலையெழுத்து என்பார்கள். அண்ணிக்கு அமைந்தவள் வாலு. சின்ன வயதில் செய்த அட்டகாசத்துக்கு வைத்த பெயர், நாற்பதை நெருங்கியும் போகவில்லை. வாலு பாட ஆரம்பித்தால் அண்ணிக்கு இன்றைக்கும் கைவேலை அப்படியே நின்றுவிடும். நாத்தனார் மேல் வைக்கிற பாசம் வேறு, இது வேறு. ஒரு மனுஷிக்குள் இப்படி ஒரு குரல் எங்கே இருக்கிறது என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அந்தக் குரலை ஊரே கேட்டிருக்கிறது. முகத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை. வாலு பாடுவாள், வீடியோவில் யாராவது ஒரு மாடல் பெண் வாயசைப்பாள். வாலுவுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல், உடம்பும் பூசினாற்போல் இருக்கும். பாட்டுக் கம்பெனியின் மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் வீடியோவுக்கு ஒரு முகம், மைக்குக்கு ஒரு முகம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. இந்தத் தடவை பாட்டை எழுதியதும் மெட்டுப் போட்டதும் வாலுவேதான். 'நீ போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது' என்று ஆரம்பிக்கும், விட்டுப் போனவரை நினைத்துப் பாடும் பாட்டு. "இதுல என் மூஞ்சிதான் வரணும் சார்" என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள். மேனேஜர் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க. பிடிக்கலைன்னா அடுத்த வாரமே மாடலை வெச்சு எடுத்துடுவோம்" என்றார். மாடலிடமும் சொல்லி வைத்துவிட்டார்.

துணி துவைக்கும் கடை ஒன்றை அதன் விடுமுறை நாளில் கேட்டு வாங்கிப் படம் எடுத்தார்கள். வட்டக் கண்ணாடி வைத்த இயந்திரங்கள் வரிசையாகச் சுற்ற, நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து வாலு பாட வேண்டும். சுற்றிலும் எல்லாம் மெதுவாக மிதக்க வேண்டும், அவள் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் போக வேண்டும். இதற்குத் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள், பாடுகிறவர் அந்த வேகத்துக்கு வாயசைப்பார், கேமராவையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். பிறகு சாதாரண வேகத்தில் போட்டுப் பார்த்தால் உதடு பாட்டோடு ஒட்டும், உலகம் மட்டும் மெதுவாக நகரும். மாணவர்களுக்குத் தியரி இதைப் பலகையில் படம் போட்டுச் சொல்லித்தருகிற அழகே தனி.

மறுநாள் காலை, சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணி வேலையை ஆரம்பித்தாள். ஆரம்பித்த வேகத்தில் நிறுத்தினாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

காபி டம்ளரோடு தியரி வந்தார். திரையில் வாலு, வறுத்த கடலையைக் கொறிக்கிற அணில்போல் படபடவென்று வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு டபுள் ஸ்பீடுல ஓடிச்சு. கேமரா?" என்றாள் அண்ணி.

தியரி டம்ளரைக் கீழே வைத்தார். முந்தின நாள் காலையில் கடையை அகலமாக எடுத்தபோது கேமராவைச் சாதாரண வேகத்தில் வைத்திருந்தார். வாலுவை எடுக்கிற நேரத்தில், துவைக்கும் கடைக்காரர் 'அதென்ன சார், மெதுவா மிதக்கிறது?' என்று கேட்டுவிட்டார். அவருக்கு உட்கார வைத்து முழுப் பாடமும் நடத்திவிட்டு, அந்தக் குஷியிலேயே பொத்தானை அழுத்தியிருக்கிறார். வேகத்தை மாற்றவில்லை. ஊருக்கு உபதேசம் செய்த வாய், சொந்தக் கையைக் கேட்க மறந்துவிட்டது.

"மாத்தவே இல்ல" என்றார். "கடைக்காரர் மறுபடி குடுக்க மாட்டார். என் தப்பு. மேனேஜருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன், மாடலை வெச்சே எடுக்கட்டும்."

"உங்க தப்புக்கு அவ மூஞ்சியக் குடுப்பீங்களா?" என்றாள் அண்ணி. அவளுக்கு வந்த கோபத்தில் நாற்காலியே கிறீச்சிட்டது. "போனைத் தொடாதீங்க. மேனேஜர் சாயங்காலம் வர்றார், அதுவரைக்கும் நேரம் இருக்கு நமக்கு."

படத்தைப் பாதி வேகத்துக்கு இழுத்தாள். உதடு பாட்டோடு ஒட்டியது, ஆனால் நொடிக்குப் போதுமான படங்கள் இல்லாததால் எல்லாம் விட்டு விட்டு, துள்ளித் துள்ளி நகர்ந்தது. இடைவெளியைக் கணினியே நிரப்பிக்கொள்ள ஒரு வழி இருந்தது, அதைப் போட்டுப் பார்த்தாள். வாலுவின் பல்லும் உதடும் வெயிலில் வைத்த மெழுகுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சகிக்கவில்லை. மறுபடி துள்ளலுக்கே திரும்பி வந்தாள். திரையை நெருங்கிப் பார்த்தாள். பிறகு பாட்டின் சத்தத்தை நிறுத்திவிட்டு, வாலுவின் கழுத்தை மட்டும் பார்த்தாள்.

அதற்குள் வாலுவே வந்துவிட்டாள். அண்ணன் கதவோரம் திருடன்போல் நிற்பதைப் பார்த்ததும் ஏதோ கவிழ்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். அண்ணி நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"வாலு, நீ நேத்து வாயசைச்சியா, பாடினியா?"

"பாடினேன் அண்ணி."

"அந்த வேகத்துலயா? எலி கத்துற மாதிரி இருந்துச்சே பாட்டு!"

"ஆமா, மூச்சு முட்டிப் போச்சு. ஆனா வெறும் வாய அசைச்சா எனக்கும் அந்த மாடல் பொண்ணுக்கும் என்ன வித்தியாசம்?"

அண்ணி பத்து வருடமாக இந்த வேலை பார்க்கிறாள். எத்தனையோ அழகான வாய்கள் அவள் திரையில் அசைந்திருக்கின்றன, கழுத்து அசைந்து பார்த்ததில்லை. இங்கே தொண்டை ஏறி இறங்கியது. நரம்பு புடைத்தது. குரல் உச்சத்துக்குப் போகிற இடத்தில் தோள்பட்டை தூக்கிக்கொடுத்தது. அந்த அசுர வேகத்திலும் ஒரு எழுத்தைக்கூட அவள் விழுங்கவில்லை. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவி, என்ன பொண்ணுடி நீ" என்று சொல்லிவிட்டு மளமளவென்று வேலையில் இறங்கினாள்.

துள்ளலை மறைக்கப் பார்க்கவில்லை. ஒவ்வொரு துள்ளலையும் மேளத்தில் அடி விழுகிற இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு இடம்தான் படுத்தியது. கடைசிச் சரணத்தில் பாட்டு எலிக்குரலில் ஓடுவது தாங்காமல், வாலு மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டிருக்கிறாள். அங்கே குரல் 'வீடு பெரிதாகிவிட்டது' என்று பாடுகிறது, முகம் பாடவில்லை. உதடு ஒட்டாத இடத்தில் வேறெதையாவது வைத்து மூடு என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அண்ணி சுற்றுகிற இயந்திரத்தின் காட்சியை வைத்து மூடினாள்.

"அதை எடுத்துடு" என்றார் தியரி. காலையில் திட்டு வாங்கிய பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

"உதடு ஒட்டலைங்க."

"ஒட்ட வேண்டாம். பாட்டு அழுவுது, படம் மாட்டேங்குது. மூணாவது விரல்."

எடுத்துப் பார்த்தாள். பாதி வேகத்தில் அந்தச் சிரிப்பு சிரிப்பாகவே இல்லை. அழுகை என்றும் சொல்ல முடியவில்லை. தனியாக ஒரு பெரிய வீட்டில் இருந்து பழகிப்போன பெண்ணின் முகமாக இருந்தது. அண்ணி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பொத்தானை மறக்கிற மனுஷன்தான், ஆனால் அந்த மண்டைக்குள் இருப்பது வெறும் பாடம் இல்லை என்று அன்றைக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் கையில் பிடிக்க முடியாது.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். வாலு மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், முந்தானை நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கியிருந்தாள். படம் ஓடியது.

"ஏன் இப்படி விட்டு விட்டுப் போகுது?" என்றார் மேனேஜர்.

தியரி ஆரம்பிப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "தப்பா எடுத்துட்டோம் சார். கேமரா வேகம் மாறிப்போச்சு."

மேனேஜர் மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பாதியில் விரலால் திரையைத் தொட்டார். "இது என்ன, கழுத்து... நிஜமாவே பாடுறாங்களா?"

"ரெண்டு மடங்கு வேகத்துல சார், வாய்விட்டு" என்றாள் அண்ணி.

அவர் வாலுவைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடமாகப் பார்த்த ஆளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். கடைசிச் சரணம் வந்ததும் நெளிந்தார். "இந்த ஒரு இடம் மட்டும் வாய் சேரலையே. ஏதாவது வெச்சு மூடிடுங்க."

அண்ணியின் கை நகரவில்லை. மூலையிலிருந்து குரல் வந்தது.

"மூட வேண்டாம் சார். இத்தனை வருஷம் மூடினது போதும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், ஆபீஸுக்குப் போன் போட்டார். "அந்த மாடல் பொண்ணுகிட்ட வர வேண்டாம்னு சொல்லிடு. இல்லப்பா, வேற மாடல் எல்லாம் இல்ல. பாடுறவங்களே பாடுறாங்க." வாலுவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

தியரி தங்கையின் தலையில் கை வைத்து ஒரு தரம் தட்டிக்கொடுத்தார். பிறகு வெளியே போய்விட்டார். வாலு முக்காலியை இழுத்துவந்து அண்ணியின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க அண்ணி."

அண்ணி போட்டாள். தன் முகத்தில் தன் குரல் வருவதை வாலு கண் கொட்டாமல் பார்த்தாள். பல் தெரிகிற இடத்தில் ஒரு தரம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு கையை எடுத்துவிட்டாள். பாட்டு முடிந்து திரை கறுத்தது.

"அண்ணி, இவ நல்லா பாடுறா இல்ல?" என்றாள்.

"நல்லா பாடுறா" என்றாள் அண்ணி.