குலுக்கைக்குப் பின்னால்

அந்த மாத்திரையைத் தின்னும்படி கண்ணுச்சாமியிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அது அவருக்கான மாத்திரையே இல்லை. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதத்தில் வந்திருக்கும் மகள் வீரலட்சுமிக்கு நர்சம்மா கொடுத்துவிட்டுப் போனது. பழுப்புக் காகிதக் கவரில் முப்பது இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கடைவாயில் வைத்துக் கடித்தார். மேல்தோல் சிவப்பாக இனித்தது. உள்ளே, அரிவாளை நக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. துப்பப் போனவர் துப்பாமல் விழுங்கிவிட்டார். சோதித்துப் பார்ப்பது என்று ஆனபின் பாதியில் விடக்கூடாது.

சர்க்கார் சும்மா எதையும் கொடுக்காது. இது அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. அங்கே அவர் படித்தது இரண்டு வகுப்பு. இதைப் படித்தது எமர்ஜென்சிக் காலத்தில். மலையில் சோலி முடிந்து போடியில் பஸ்சுக்கு நின்றவரை, ஊசி போடணும் வாங்க என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் ஊசியும் போட்டார்கள், குடும்பக் கட்டுப்பாடு என்று கத்தியும் வைத்தார்கள். "எம் பெஞ்சாதி செத்துப் பதினாறு வருசம் ஆச்சுய்யா, எனக்கு எதுக்கு இது?" என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை. வரும்போது ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வருசமாக அந்த வாளி சாணி கரைக்கத்தான் கிடக்கிறது. அதில் ஒரு நாளும் அவர் குடிதண்ணீர் பிடித்ததில்லை.

அப்பேர்ப்பட்ட கையிலிருந்து மறுபடி ஒன்று வந்தால், அதைப் பிள்ளைத்தாய்ச்சி வாயில் போட விடுவாரா? நர்சம்மா வீரலட்சுமியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையேம்மா. உள்ள இருக்குற பிள்ளை தனக்கு வேண்டியத உறிஞ்சிக்கிரும், ஒனக்கு எங்க மிஞ்சும்? தெனம் ஒண்ணு, சோத்துக்குப் பெறகு போடு. காப்பியோட போடாத" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் கண்ணுச்சாமி கவரை வாங்கி கூரை எரவாணத்தில் செருகினார்.

"நான் சொல்ற வரைக்கும் இதத் தொடாத ஆத்தா."

"சரிங்கய்யா" என்றாள் வீரலட்சுமி. அவ்வளவுதான். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை, எதிர்த்துப் பேசாது. அதுதான் அவருக்குச் சமயத்தில் பயமாக இருக்கும். ரெட்டைச் சடை பின்னிவிட்டார், பேன் பார்த்தார், தேவாரம் ஊரில் கட்டிக்கொடுத்தார். ஆனால் அவள் பெரியமனுசியான அன்று பக்கத்துவீட்டுக் குருவம்மாளைக் கூப்பிட்டுவிட்டுத் தெருமுனையில் போய் நின்றவர்தான். இப்போதும் வீட்டுக்குள் நடப்பது முழுக்கப் பொம்பளைகள் காரியமாக இருந்தது. வாசலில் நிற்கிற ஆள் மாதிரி அவர் உள்ளேயே நின்றார். அவரால் செய்ய முடிந்தது ஒன்று. விசமா இல்லையா என்று முதலில் தான் தின்று பார்ப்பது. "எனக்கு இனிமே அறுக்குறதுக்கு என்ன இருக்கு" என்று நினைத்துக்கொண்டார்.

தினம் ஒன்று தின்றார். மூன்றாம் நாள் வயிறு உப்புசமாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை ஓடைக்கரையில் குத்தவைத்தவர் எழுந்து திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். அடுப்புக்கரியைக் கரைத்துக் கொட்டியது மாதிரி கறுப்பு. அவர் நினைத்தது சரியாகப் போயிற்று என்று ஒரு பக்கம் நிறைவாகக்கூட இருந்தது. இன்னொரு பக்கம், தின்றது தான்தானே என்று உறைத்தது.

மலைக்குப் போகும் ஜீப்பில் பதினாலு பேருக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்த பால்பாண்டியிடம் யாருக்கோ வந்தது போலக் கேட்டார்.

"மாப்ளே, ஒருத்தனுக்கு வெளிக்கிப் போறது கறுப்பாப் போகுதாம். என்னவா இருக்கும்?"

"எவன் மாமா அவன்?"

"தெரிஞ்சவன்."

"தெரிஞ்சவன் நம்ம ஜீப்புல இருந்தா எறக்கி விட்ருங்க. அடுத்த வளைவு வரைக்கும் தாங்க மாட்டான்."

ஜீப்பே சிரித்தது. கண்ணுச்சாமி வெளியே பார்த்துக்கொண்டார். போடிமெட்டுக்கு ஏறும் வளைவுகளில் மழை மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடந்தது.

அன்று ஏலச்செடிகளுக்கு நடுவே களை எடுக்கும்போது கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது. குடித்துக் குடித்துச் சுண்டுவிரல் தண்டிக்கு ஊதியிருந்தது. எப்போதும் போலச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தார், சுருண்டு விழுந்தது. கடிவாயிலிருந்து ரத்தம் நிற்காமல் வடிந்தது. முப்பது வருசமாக மலையில் அட்டைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அன்று பார்த்தார். நல்ல சிவப்பு. வீணாக இலைச்சருகில் சொட்டியது. இதுதான் அவளுக்குள் இல்லை என்கிறாள் அந்த நர்சம்மா.

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி வரும்போது வீரலட்சுமி குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. உதடு வெளுத்த துணி மாதிரி இருந்தது. கண்ணுச்சாமி குடத்தை வாங்கிக்கொண்டார். "வெக்கைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். அது ஆவணி மாதம். வானம் மூடிக் கிடந்தது.

பத்தாம் நாள் புதன்கிழமை. நர்சம்மா பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஏழெட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள். கண்ணுச்சாமி மலைக்குப் போகாமல் நேராக அங்கே போய் நின்றார்.

"ஏம்மா, நீ குடுத்த மாத்திர கொடலக் கரிக்குது. கரிகரியாப் போகுது. இதத் தின்னா பிள்ள உருப்பட்டு வருமா?"

"அது இரும்பு மாத்திர பெரியவரே. ஒடம்பு எடுத்தது போக மிச்சம் அப்படித்தான் போகும். உங்க மக பயந்துட்டாளா?"

"அவ எங்க தின்னா. நான்ல தின்னேன்."

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வரிசையில் இருந்த குருவம்மாள் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்சம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உண்டாயிருக்கது நீங்களா, உங்க மகளா?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டாள். பத்து நாள் என்றார்.

"அப்ப பத்து நாளா அவளுக்கு ஒண்ணுமே போகல."

நர்சம்மா அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. மக மண்ணு திங்கிறாளா? சாம்பலு, பச்சரிசி, செவுத்து மண்ணு, இப்படி எதாச்சும்?"

கண்ணுச்சாமி நர்சம்மாவின் முகத்தைப் பார்த்தார். "எதுக்குக் கேக்குற?"

"ரத்தத்துல இரும்பு கொறைஞ்சா அப்படி ஒரு ஆச வரும். சோத்த வச்சா எறங்காது, மண்ணத் தேடும். அவங்களா செய்றது இல்ல அது, ஒடம்பு கேக்குறது. வீட்டுல தெரிஞ்சா அடிக்கிறாங்க."

"அடிச்சா நிக்காதா?"

"அடிச்சா இரும்பு ஏறுமா பெரியவரே?"

திரும்பி நடந்தபோது தெரு நீளமாக இருந்தது.

வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குக் குலுக்கை நிற்கிறது. தானியம் கொட்டிவைக்கிற மண் குலுக்கை. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். அந்த இடத்தில்தான், பதினெட்டு வருசத்துக்கு முன்னால், மனைவி கருத்தம்மா நின்றுகொண்டிருந்ததை அவர் பார்த்தார். வீரலட்சுமிக்கு அப்போது ரெண்டு வயசு. கருத்தம்மாவுக்கு இரண்டாவது வயிற்றில் எட்டு மாதம். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திரும்பினாள். உதட்டோரம் செம்மண். நகத்துக்குள் செம்மண். சுவரில் கை நுழைகிற அளவுக்குப் பொந்து. வீட்டில் கம்பும் சோளமும் இருக்கும்போது சுவரைத் தின்கிறாளே, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஒரே ஒரு அறைதான். அவள் அழவில்லை. "மழை பேஞ்சா வாசம் வருதுல்ல, அதுக்குத்தான்" என்றாள். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார். அடுத்த மாதம் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. பிள்ளையும் தங்கவில்லை. வீட்டைப் பொங்கலுக்குப் பொங்கல் மெழுகினார், வெள்ளையடித்தார். குலுக்கைக்குப் பின்னால் மட்டும் சுண்ணாம்பு மட்டை போகவில்லை. யாராவது கேட்டால் எலி வளை என்பார்.

இப்போது ஒருக்களித்து உள்ளே நுழைந்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்றார். பொந்து இருந்தது. ஆனால் பழைய பொந்து இல்லை. வாய் அகன்றிருந்தது. ஓரத்தில் ஈரம் காயாத நகக்கீறல்கள், நாலு நாலாக. கீழே புதுசாகத் தூள் உதிர்ந்திருந்தது.

வெளியே வந்தபோது வீரலட்சுமி அடுப்படியில் நின்றாள். கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவர் கையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே எழும்பிவிடுமோ என்று.

"எத்தன நாளா ஆத்தா?"

"இங்க வந்ததுல இருந்து. தேவாரத்துல அடக்கிக்கிட்டுதான் இருந்தேன்யா. இங்க வந்ததும் முடியல."

"எலி வளையில போயி..."

"எலி நகத்தால தோண்டுமாய்யா?" என்றாள். அவளாக எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான். "சின்னப்பிள்ளையிலேயே தெரியும். குருவம்மா அத்த சொல்லுச்சு. நீங்க மலைக்குப் போனப்பறம் அதுல கைய விட்டுக்கிட்டு நிப்பேன். அம்மா கை எம்புட்டு இருக்கும்னு எனக்கு வேற எதுல தெரியும்?"

குருவம்மாள் வேறு என்னென்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. எரவாணத்திலிருந்து கவரை எடுத்தார். இருபது இருந்தன. சோறு போட்டு, அவள் ஒவ்வொரு கவளமாக மென்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்கதான தொடக்கூடாதுன்னீங்க?"

"நான் தின்னு பாத்துட்டேன். ஒண்ணும் செய்யாது. கறுப்பாப் போகும், பயப்படாத."

அவள் விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியதை அவர் பார்த்தார்.

அதற்குப் பிறகு புதன்கிழமை தவறாமல் அவரே கூட்டிக்கொண்டு போனார். பத்து நாள் போய்விட்டதே, அது திரும்புமா என்று ஒரு தடவை கேட்டார். நர்சம்மா அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "இனிமே விடாமப் போடட்டும். வலி எடுத்ததும் போடி ஆஸ்பத்திரிக்கு வெரசாக் கொண்டாந்துருங்க, வீட்டுல வச்சுப் பாக்காதீங்க" என்றாள். "கத்தி வைப்பாகளா?" என்று கேட்டார். "தேவைப்பட்டா வைப்பாங்க" என்றாள். பொய் சொல்லவில்லையே என்று அவளை அன்றைக்குக் கொஞ்சம் நம்பினார். ஜீப்புக்காரனிடமும் சொல்லிவைத்தார்.

புரட்டாசி முடியும்போது நர்சம்மா மறுபடி இமையை இழுத்து, "இங்க பாருங்க பெரியவரே, கொஞ்சம் ஏறியிருக்கு" என்று காட்டினாள். எட்டிப் பார்த்தார். இமைக்குள் மெல்லிய சிவப்பு, வெற்றிலை போட்டு அழிந்த நாக்கு மாதிரி. கருத்தம்மாவோடு நாலு வருசம் குடித்தனம் பண்ணினார். அவள் இமைக்குள் என்ன நிறம் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.

ஐப்பசி பிறந்து நாலு நாள் மழை அடைத்துப் பெய்தது. ஐந்தாம் நாள் மழை விட்டு வானம் வெறித்தது. வீடு முழுக்க நனைந்த மண் வாசம். வீரலட்சுமி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாசம் அடிக்குதுல்ல ஆத்தா?" என்றார் கண்ணுச்சாமி.

"அடிக்கிது. ஆனா வேணும்னு தோணலய்யா இப்ப." காலை மடக்கிக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பொந்த அடைச்சிருங்க. பிள்ள தவழ்ந்து போயி மண்ணத் தின்னும்."

அவர் பச்சை வாளியில் செம்மண்ணும் சாணியும் வைக்கோல் தூளும் போட்டு மிதமாகக் குழைத்தார். வாளியோடு ஒருக்களித்துக் குலுக்கைக்குப் பின்னால் நுழைந்தார். முதல் உருண்டையை எடுத்து வைக்கப் போனவர், அதை மறுபடி வாளியிலேயே போட்டுவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பொந்துக்குள் விட்டார். வாயோரம் மகளுடைய கீறல்கள் கூர்மையாக இருந்தன. மணிக்கட்டுவரை போனபின் சுவர் வழவழவென்று ஆனது. கடைசியில், விரல் நுனி மட்டும் எட்டுகிற ஆழத்தில், நாலு சின்னப் பள்ளங்கள் இருந்தன. அவருடைய விரல்களுக்கு அவை பற்றவில்லை. அங்கே மண் உலர்ந்து கிடந்தது. நகத்தால் ஒரு சிட்டிகை பெயர்த்து, வெளியே எடுத்து, நாக்கில் வைத்தார்.

"அடைச்சாச்சாய்யா?" என்று வாசலிலிருந்து வீரலட்சுமி கேட்டாள்.

வாயில் மண் இருந்தது. கண்ணுச்சாமி அது கரைகிறவரை சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.