ஒன்பதாவது மெட்டு

என் இசைத்தட்டில் எட்டு மெட்டுகள். பொப்பும் ஜாஸும் கலந்த வெறும் பியானோ இசை, பாட்டு ஒன்றும் கிடையாது. அதை மன்னாரில் வெளியிட மண்டபம் கேட்டபோது, பாடல் வரிகளை இணைக்கச் சொல்லி ஒரு படிவம் தந்தார்கள். பியானோவுக்கு வாயா இருக்கிறது? எரிச்சலில் வெற்றுத்தாள் ஒன்றை இணைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் ஒருவர் விடத்தல்தீவுக்கு, என் வீட்டுக்கே வந்தார். கதிரையில் உட்கார்ந்து அந்தத் தாளை விரித்தார்.

"சொல்லே இல்லாமல் என்ன சொல்ல வாறீங்கள், மிஸ்?"

"ஒண்டும் சொல்லேல்லை. கேக்கிறதுக்குத்தான் வாசிச்சனான்."

"உங்கட அண்ணா காணாமல் போனவர், என்ன? அவரைப் பற்றி இதில ஏதும் இருக்கோ?"

"எட்டிலயும் இல்லை. போட்டுக் கேட்டுப் பாருங்கோ."

அது உண்மைதான். அண்ணன் ரொபின்சனுக்காக நான் அமைத்தது ஒன்பதாவது மெட்டு. அதை நான் பதிவு செய்யவில்லை, யாருக்கும் வாசித்துக் காட்டவுமில்லை. வீட்டில் தனியே இருக்கும்போது மட்டும், சன்னல்களைச் சாத்திவிட்டு வாசிப்பேன்.

அவர் நான் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தார். "பயப்பிடாதேங்கோ. மண்டபம் கிடைக்கும்" என்று சிரித்தபடி எழுந்தார். நான் வாசல்வரை கூடப் போனேன்.

படலையைத் திறந்துகொண்டே அவர் ஒரு மெட்டை முனகினார். அது ஒன்பதாவது. நான் எப்போதும் பிழைவிடும் இடத்தில் அவரும் அதே பிழையை விட்டார்.