ஓரகத்தியின் குமிழிகள்

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்ட இருவர் ஒரே ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்ப்பது போன்ற வம்பு உலகத்தில் வேறில்லை. பெரியவளுக்கு அங்கே ஆறு வருஷம். பாக்டீரியா தன் மேலுறையிலிருந்து கிள்ளிக் கிள்ளி வெளியே விடும் நுண்குமிழிகளைப் பிரித்தெடுப்பாள். உடம்பைக் காக்கும் வெள்ளணுக்களின் மேல் விடுவாள். அவை ஏனென்றுகூடக் கேட்காது.

சின்னவள் வந்து எட்டே மாதம். அவள் எடுத்த குமிழி பட்டதும் அதே அணுக்கள், பாக்டீரியாவே படையெடுத்து வந்துவிட்டதுபோல் கொந்தளித்தன. ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் அவளுக்குத்தான் என்று ஆய்வுக்கூடத் தலைவி மேடம் சொல்லிவிட்டார். வீட்டில் மாமியார் வேறு, "சின்னவ கைராசிக்காரி" என்று வாய் ஓயாமல் பாடினார். பெரியவளுக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

குமிழிகளை வடிகட்டும்போது உயிருள்ள பாக்டீரியாவும் தப்பி வந்திருக்கும், அதற்குத்தான் அணுக்கள் துள்ளியிருக்கும், குமிழியாவது மண்ணாங்கட்டியாவது என்றது மனசு. குமிழித் திரவத்தில் ஒரு சொட்டை ஊட்டத் தட்டில் தடவி இரண்டு நாள் வைத்தால், உயிருள்ளது எதுவானாலும் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சின்னவள் அதைச் செய்து, ஒன்றும் முளைக்கவில்லை என்று எழுதியிருந்தாள். பெரியவள் நம்பினால்தானே? எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, குளிர்பெட்டியில் சின்னவளின் குமிழி இருந்த ஒரே டியூபை எடுத்து, கையுறை போடக்கூடப் பொறுக்காமல் திறந்து தடவினாள்.

மூன்றாம் நாள் தட்டில் ஏழு புள்ளிகள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் நேரே மேடத்தின் அறைக்குள் நுழைந்தாள். சின்னவளும் அங்கே இருந்தாள். இருக்கட்டும், நல்லதாய்ப் போயிற்று.

"மேடம், இவ டியூப்ல பாக்டீரியா உயிரோட இருக்கு. கட்டுரையை நிறுத்துங்க."

மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்ம பாக்டீரியா வெள்ளையா வளரும். இது மஞ்சள், மனுஷத் தோல்ல இருக்கறது. யாரோ வெறுங்கையோட திறந்திருக்காங்க, டியூபே கெட்டுப்போச்சு. ஆறு வருஷமா பாக்கறீங்க, இதுகூடவா தெரியல?"

தெரியாமல் என்ன? முளைத்ததைப் பார்த்தாளே தவிர, நிறத்தைப் பார்க்கவில்லை. பொறாமை கண்ணைக் கட்டிவிட்டது.

"இருந்ததே அது ஒண்ணுதான்," என்றாள் சின்னவள். "நாளைக்கு அதை வெச்சுத்தான் கடைசி சோதனை. யாருக்கா திறந்தது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தான்."

"இன்னொரு தடவை எடுக்க ஒரு மாசம் ஆகும்," என்றார் மேடம். "நீங்களே எடுத்து அவகிட்ட குடுங்க."

சின்னவள் அழவுமில்லை, கத்தவுமில்லை. "கேட்டிருந்தா நானே ஒரு சொட்டு குடுத்திருப்பேனேக்கா," என்றாள்.

திட்டியிருந்தால் பெரியவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். இப்போது, பாவி, கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு அவளுக்காகக் குமிழி எடுக்கப் போனாள்.