பதின்மூன்று உறைகள்

முத்துலிங்கம் கரும்பலகையில் மூன்று வரிகள் எழுதினான். வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. பிரஜாவுரிமை கிடைத்தால்தான் இடாப்பில் பெயர். மனுவில் எதையும் மறைக்கக் கூடாது. மூன்றாவது வரியின் கீழே ஒரு கோடு இழுத்தான். அது கோணலாகப் போனது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தான்.

ஐம்பத்தோராம் ஆண்டு ஜூலை மாதம். மனுக் கொடுக்க ஆகஸ்டு ஐந்தாம் தேதிதான் கடைசி. இலங்கையில் றொசல்லைக்கு மேலே கொய்யாக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், பகலில் கைக்குழந்தைகளைத் தூங்கவைக்கும் பிள்ளைக்காம்பராவில் அவனுடைய மாலை வகுப்பு நடந்தது. அவன் தோட்டப் பள்ளிக்கூடத்து உதவி ஆசிரியன், வயது இருபத்துமூன்று. ரயிலேறி ஹட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் எட்டுப் பேர் வருவார்கள். கணக்கும் இங்கிலீசும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த வகுப்பில் ஒரு மாதமாக இதுதான் பாடம். தகப்பன்மாருக்கு எழுதத் தெரியாது. மனுவை நிரப்பப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

"நாப்பத்தேழுல எங்கப்பா ஓட்டுப் போட்டாருங்க சார்," என்றாள் வீரம்மா. "குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போனாரு. இப்ப மறுபடி எதுக்குக் கேக்கணும்?"

"சட்டம் மாறிப்போச்சு. இந்தியாவுலேருந்து வந்தவங்க பேரையெல்லாம் வெட்டிட்டாங்க."

"துரை பங்களா நாய்க்கே லைசன்ஸ் இருக்கு சார்," என்றான் நல்லமுத்து. "எங்கப்பனுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

"அப்ப ஒங்கப்பன் கழுத்துலயும் ஒரு வில்லையக் கட்டி விடேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். முத்துலிங்கமும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று நினைத்தான்.

வீரம்மாவுக்குப் பதினேழு வயது. ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் எண்ணம். பயிற்சிக்குச் சேர வேண்டுமானால் பிரஜாவுரிமை வேண்டும். தகப்பன் பழனியாண்டியின் மனு ஏற்கப்பட்டால் அதிலேயே அவளும் அடக்கம். தள்ளப்பட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது.

முப்பத்தொன்பதாம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் இங்கேயே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைப் பார்க்கப் போன பழனியாண்டியிடம், பழைய புத்தகத்தையெல்லாம் கரையான் தின்றுவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார் தோட்டத்துக் கிளாக்கர்.

மறுநாள் வீரம்மா ஒரு துணி முடிச்சோடு வந்தாள். உள்ளே பதின்மூன்று உறைகள். இந்தியாவில் துறையூருக்குப் பக்கத்தில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். மாசித் திருவிழா முடிந்ததும் பெரியப்பா வருஷா வருஷம் அங்கிருந்து தபாலில் திருநீறு அனுப்புவார். சாமி பேரில் வந்ததை எறியக் கூடாது என்று அம்மா எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். முப்பத்தொன்பதிலிருந்து இந்த வருஷம் வரை ஒரு வருஷமும் விடாமல் றொசல்லைத் தபால் முத்திரை தெளிவாக இருந்தது. எல்லாவற்றிலும் பழனியாண்டியின் பெயரும் அதே லயத்து வீட்டு விலாசமும்.

முத்துலிங்கம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். இதைவிட நல்ல ஆதாரம் தோட்டத்தில் எவனிடமும் இல்லை. தேதி வாரியாக அடுக்கி எண் போட்டான்.

"கவரு மட்டும் போதும்ல சார்?" என்றாள் வீரம்மா. "உள்ள காயிதமும் இருக்கு. வேணாம்னு பாக்கறேன்."

"ஏன்?"

"நான்தான அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுவேன். வருஷா வருஷம் ஒரே மாதிரிதான். 'உன் பங்கு மனை அப்படியே கிடக்கு, குடும்பத்தோட வந்து சேரு'ன்னு எழுதுவாரு. அப்பாவும் வர்றேன்னு பதில் போடச் சொல்லுவாரு. போனதே இல்ல. அது சும்மா ஒரு மரியாதைக்கு."

அவன் நெடுநேரம் யோசித்தான். வெறும் உறையைக் கண்டால் உள்ளே இருந்தது எங்கே என்று கேட்பார்கள். பொய் ஆதாரம் என்று சொல்லிவிட்டால் மனுவே போய்விடும். போதாததற்குப் பலகையில் கோடு போட்டு எழுதியிருக்கிறான்.

"எல்லாரும் எழுதறதுதானே. கடிதத்தோடயே குத்து," என்றான். "முழுசா இருக்கணும்."

அவள் அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு கடிதத்தையும் அதனதன் உறையோடு சேர்த்துக் குத்தினாள். அவனுடைய சொந்த மனுவும் அதே கட்டோடு தபாலுக்குப் போனது.

விசாரணைக்கு அழைப்பு வர இரண்டு வருஷம் ஆயிற்று. நுவரெலியாவுக்குப் பழனியாண்டியையும் வீரம்மாவையும் அவனே கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் தேதிகளைக் கேட்டுக் கேட்டுப் பழக்கினான். கிழவர் ஒன்றுகூடப் பிசகவில்லை. பிரஜாவுரிமை விசாரிக்கும் கந்தோரில் அவனைக் கதவோரப் பெஞ்சியில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே இருப்பது தெரிந்தது, பேசுவதும் நன்றாகக் கேட்டது.

அதிகாரி உறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடிதங்களை மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டினார். அவர் நாலைந்தைப் படித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பிறகு தமிழில் கேட்டார்.

"இந்த மனை யாருடையது?"

"எங்கப்பா மனைங்க ஐயா."

"உம்முடைய பங்கு இருக்கிறதா?"

"இருக்குங்க."

"அங்கே வருவதாகப் பதில் எழுதினீரா?"

"எழுதச் சொன்னேங்க."

"இனி ஒருகாலும் அங்கே போகமாட்டேன் என்று இப்போது சொல்ல முடியுமா?"

முத்துலிங்கம் பெஞ்சியில் முன்னால் குனிந்தான். சொல்லுங்க, சொல்லிருங்க என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். இந்தக் கேள்விக்கு மட்டும் அவன் பழக்கவில்லை. பழனியாண்டியின் கண் மேசையில் கிடந்த உறைகள் மேல் இருந்தது. ஒன்றின் மடிப்பிலிருந்து கொஞ்சம் திருநீறு சிந்தியிருந்தது.

"அப்பா," என்றாள் வீரம்மா மெதுவாக.

"சாமி கூப்பிட்டா போகாம இருக்க முடியுங்களா ஐயா?" என்றார் பழனியாண்டி.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நிரந்தரமாக இந்நாட்டில் குடியிருக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் அச்சடித்திருந்தது. அதற்குக் கொழும்பில் வக்கீல் வைக்க வேண்டும். அதே வாரம் முத்துலிங்கத்துக்கும் ஒன்று வந்தது. அவன் மனு ஏற்கப்பட்டிருந்தது. ஊரிலிருந்து அவனுக்குக் கடிதம் எழுத யாரும் இல்லை.

அவன் லயத்துக்குப் போய், தப்பு தன்னுடையது என்றான்.

"நீங்க என்னா பண்ணுவீங்க வாத்தியாரய்யா," என்றார் பழனியாண்டி. "வாயத் தொறந்தது நான்தான. உக்காருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

வீரம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் வெளியே வரவில்லை. மறு திங்கட்கிழமை பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போனாள்.

வகுப்பு நின்றுவிடவில்லை; கரும்பலகையில் அந்த மூன்று வரிகளும் இன்னும் இருந்தன. அடுத்தடுத்து விசாரணை அழைப்புகள் வந்தன. விசாரணையில் காட்டப் பிள்ளைகள் வீட்டுக் காகிதங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். ஒரு மாலை, அம்மாக்கண்ணு என்ற எட்டாம் வகுப்புப் பெண் ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு நேரே உள்ளே வந்தாள் வீரம்மா. இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு ஈரமாக இருந்தது. முத்துலிங்கத்தை அவள் பார்க்கவில்லை. அம்மாக்கண்ணுவின் பக்கத்தில் உட்கார்ந்து காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். உறைகளை வலதுபக்கம் வைத்தாள். கடிதங்களை இடதுபக்கம் தள்ளினாள்.

"இதயெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோயி அடுப்புல போடு. ஊருல மனை இருக்கான்னு கேட்டா இல்லேன்னு ஒங்கப்பாவச் சொல்லச் சொல்லு. போவீங்களான்னு கேட்டா மாட்டோம்னு சொல்லணும். சாமி பேர இழுக்கக் கூடாது. தெனமும் கேட்டுக் கேட்டுப் பழக்கு."

"இதுல எங்க அப்பாயி செத்த சேதி இருக்குக்கா," என்றாள் அம்மாக்கண்ணு.

"இருக்கட்டும்."

அந்தப் பெண் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு முத்துலிங்கத்தைப் பார்த்தாள்.

"சார், மறைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். வீரம்மா மட்டும் அடுத்த உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வீரம்மா சொல்றபடி செய்யி," என்றான் முத்துலிங்கம்.