தூங்குகிறவன் சட்டைப்பை

சிங்கத்தின் வாய்க்குள் தலையை விட்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் நொடிக்கு முந்நூறு கோடி முறை துடிக்கிற ஓர் இதயத்துக்குள், அது ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடாதபடி விரலை விட்டு, நாலே நாலு எண்களை உருவிக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான். இதை என் பல் டாக்டரிடம் சொன்னபோது, வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லிவிட்டார். சொத்தைப் பல் எதுவும் இல்லை. பேச்சை நிறுத்த அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

என் தம்பிக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அதற்கு முன் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு திரையைத் தொட்டுச் சொந்தக் குரலிலேயே பேசலாம் என்றும் சொன்னார்கள். தம்பி பெரிய கூச்சக்காரன். குடும்ப வீடியோ எல்லாவற்றிலும் கேமராவைப் பிடித்தவன் அவன்தான், ஆனால் பின்னாலிருந்து ஓர் இருமல்கூடக் கேட்காது. அப்படிப்பட்டவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நாள் கணக்கில் மைக்கிடம் முணுமுணுத்தான். யாரும் கேட்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் தானே எழுதிய ஒரு பெட்டகப் புரோகிராமுக்குள் வைத்துப் பூட்டினான். அறுவை சிகிச்சைக்குப் போனான். மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அவன் அறையில் கம்ப்யூட்டர் மட்டும் அவன் விட்டுப்போனபடியே ஓடிக்கொண்டிருந்தது.

"பாஸ்வேர்டு எங்கேயாவது சொல்லியிருக்கானாம்மா?" என்று தம்பி மனைவியிடம் கேட்டேன்.

"அவர் தலையில இருந்துச்சு, மாமா" என்றாள். அந்தப் பெட்டகத்தை விட்டால் அவன் குரல் இந்தப் பூமியில் வேறெங்கும் கிடையாது.

தம்பியின் மகள் வேறு தேசத்திலிருந்து அன்று காலைதான் வந்திருந்தாள். பிராசஸர் சில்லுகளைச் சோதிப்பது அவளுக்கு வேலை. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். தம்பி அவளை 'ஆட்சேபணை' என்றுதான் கூப்பிடுவான். பெட்டகத்தின் மூலநிரல் பூட்டாமல் கிடந்தது. அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

பெட்டகத்தின் சாவி நாலு எண்கள். அதை நினைவகத்தில் வைத்தால் எவனாவது தோண்டி எடுத்துவிடுவான் என்று, பிராசஸரின் கடைசி நாலு ரெஜிஸ்டர்களில் மட்டும் வைத்திருந்தான் தம்பி. ரெஜிஸ்டர் என்றால் பிராசஸரின் உள்ளங்கை. கணக்குப் போடும்போது கையில் பிடித்திருக்கிற எண் அதில்தான் இருக்கும். பெட்டகம் இப்போது ஒரு விசைத் தட்டுக்காகக் காத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தட்டினால் விழிக்கும், நேரமாகிவிட்டதே என்று சாவியை அழித்துவிட்டுப் பாஸ்வேர்டு கேட்கும். ஓடுகிற புரோகிராமை நிறுத்திப் பார்க்கிற டீபக்கரைக் கொண்டு எட்டிப்பார்த்தாலும் அதே கதிதான். போதாக்குறைக்கு, மறுநாள் தெருவில் மின்கம்பி மாற்றப் போகிறார்கள். கரண்ட் போனால் அவன் வீட்டு யுபிஎஸ் ஒரு பாட்டு முடியும் வரைகூடத் தாங்காது.

"எடுத்துடலாம்" என்றேன்.

"ஆசை காட்டாதீங்க பெரியப்பா. அந்த ரெஜிஸ்டர்ல இந்நேரம் கடிகாரம், நெட்வொர்க்குன்னு ஆயிரம் புரோகிராம் வந்துட்டுப் போயிருக்கும். அப்பாவோட எண் எப்பவோ அழிஞ்சிருக்கும்."

"அழிஞ்சிருந்தா பெட்டகம் எழுந்ததும் எப்படி விட்ட இடத்துலேர்ந்து ஓடும்? தூங்கப்போறவன் கையில இருக்கறத வாங்கி கெர்னல் பத்திரமா வைக்கும். எல்லாப் புரோகிராமையும் மேய்க்கறது அதுதானே. பெட்டகம் உங்கப்பன் எழுதினது. கெர்னலும் அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

"உங்களுக்கும் அதே அப்பாதானே?"

"அதான் சொல்றேன், அதுல எனக்கும் பங்கு உண்டு. முப்பது வருஷம் அதுக்குள்ளதான் குப்பை கொட்டினேன்."

"கப்பல்ல திமிங்கிலம் மோதி நின்னுபோன சர்வர ஃபோன்லயே சரி பண்ணேன்னு சொன்னதும் நீங்கதான்."

"சின்னத் திமிங்கிலம்."

அவள் சிரிக்கவில்லை. "அம்மாகிட்ட மட்டும் எதுவும் சொல்லாதீங்க. இன்னொரு தடவை அவங்க தாங்க மாட்டாங்க" என்றாள். ஆனால் அவள் அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே வந்து, யாரும் தவறிப்போய்க்கூடத் தொட்டுவிடக் கூடாதென்று கீபோர்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். அதனால் என் லேப்டாப்பிலிருந்து வலைவழியாக உள்ளே நுழைய முடிந்தது. இனி கெர்னலுக்குள் ஒரு குட்டி நிரலைச் செருக வேண்டும். மற்ற இடத்தில் தப்பு செய்தால் எச்சரிக்கை வரும். கெர்னலுக்குள் தப்பு செய்தால் கம்ப்யூட்டரே கட்டையாகிவிடும், தம்பி குரலும் அதோடு போகும். அதனால் என் லேப்டாப்பிலேயே முதலில் ஒத்திகை பார்த்தேன். அது நாற்பது தடவை செத்துப் பிழைத்தது. சரி, மூன்று தடவை.

பிறகு தம்பி கம்ப்யூட்டரில் செருகினேன். தூங்குகிறவனை எழுப்பாமல் அவன் சட்டைப்பையில் கைவிடுகிற வேலை. கம்ப்யூட்டர் சாகவில்லை. நாலு எண்கள் வந்து விழுந்தன. பூட்டிய பதிவுகளை மகள் வலைவழியாகத் தன் லேப்டாப்பில் நகலெடுத்து வைத்திருந்தாள். எண்களை அதில் போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை.

அடுப்படியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவும் சத்தம் இல்லை, வெறும் தண்ணீர்தான் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் கெர்னலோட சொந்த நினைவக முகவரி, பெரியப்பா. அப்பாவோடது இல்ல" என்றாள் மகள், திரையைப் பார்த்தபடியே. "நான்தான் சொன்னேனே."

எனக்கு அப்போது ஒரு புளுகும் வாயில் வரவில்லை. தம்பி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த இருக்கையின் பள்ளம் அவன் அளவுக்கு இருந்தது, என் அளவுக்கு இல்லை.

நான் தேடிய இடம் தப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. தூங்கப் போகிற புரோகிராம் முதலில் கெர்னலின் வாசலுக்கு வரும். கையில் இருக்கிற தன்னுடைய எண்களை வாசலிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே நுழையும். உள்ளே போனபின் அந்தக் கைகளில் இருப்பது கெர்னலின் சாமான்தான். படுக்கைப் பக்கத்தில் வைக்கப்படுவதும் அதுதான். நான் படுக்கையைத் துழாவியிருக்கிறேன். தம்பி வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். மறுபடி செருகினேன். வேறு நாலு எண்கள் வந்தன, ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாத எண்கள். மகள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தண்ணி வேணும்" என்றான் தம்பி.

பிறகு, "ஃபேனைக் குறை." "இந்த மாத்திரை போட்டாச்சு." "வலிக்கலை." "இரு, நான் சொல்லி முடிச்சிடறேன்." நூற்றுக்கணக்கில் இருந்தன. விடைபெறுகிற வார்த்தை ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவன் இனிமேல் பேச வைத்திருந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான், ரொம்பச் சாதாரணமாக. "ஆட்சேபணை, வண்டிய மெதுவா ஓட்டு" என்றான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்தது எனக்கு. "அண்ணா, புளுகாதே." அதையே கொஞ்சலாக ஒரு முறை, கோபமாக ஒரு முறை, சலித்துப்போய் ஒரு முறை என்று மூன்று விதமாகப் பதிந்து வைத்திருந்தான் படுபாவி. நான் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். சிரிப்பு பாதியில் வேறெங்கோ போய்விட்டது.

மகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள்:

"அம்மா, இங்க வாம்மா. பெரியப்பா சொன்னது நடந்துடுச்சு. நெஜமாவே நடந்துடுச்சும்மா."